வாசகர் கேள்வி – பதில்: பனி அகற்றப்பட்டதாகப் பதிவு சொல்கிறது, தெரு வேறு சொல்கிறது

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பனியைப் பற்றியவை. வண்டி வராத தெருக்கள், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் பனிக் குவியல்கள், நடக்க முடியாத நடைபாதைகள் என்று பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் மனம் நொந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம். விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், கனடாவில் நம்மவர் மிக அதிகமாக வாழும் ரொறன்ரோ மாநகரின் விதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டே பதில்களை எழுதியுள்ளேன்.

கேள்வி: பனி நின்று ஒரு பகலும் ஓர் இரவும் கடந்த பின்னரும் எங்கள் தெருவுக்குள் ஒரு வண்டியும் வரவில்லை. பெருந்தெரு மட்டும் அன்றைக்கே கறுப்பாகத் தெரிந்தது. தொலைபேசியில் முறையிட்டபோது, “உங்கள் தெருவில் பனி அகற்றப்பட்டுவிட்டது” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டுதான் கேட்டேன். வீட்டு வரியைத் தவறாமல் கட்டுகிறோமே, இது நியாயமா? (இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு முறைப்பாடுகள் இருக்கின்றன. ஒன்று தாமதம், மற்றையது நடக்காத வேலையை நடந்ததாகச் சொன்னது. முதலாவதற்கு ஓரளவு விளக்கம் உண்டு. இரண்டாவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ரொறன்ரோவில் எல்லாத் தெருக்களுக்கும் ஒரே நேரத்தில் வண்டி இறங்குவதில்லை. அதிவேக வீதிகளில் பனி 2.5 செ.மீ. சேர்ந்ததும், பெருந்தெருக்களில் 5 செ.மீ. சேர்ந்ததும் தள்ளத் தொடங்குகிறார்கள். நம் வீடுகள் இருக்கும் உட்தெருக்களிலோ 8 செ.மீ. சேர்ந்தால்தான் வேலை தொடங்கும். அதன் பின்னரும், பனி நின்றதிலிருந்து ஏறத்தாழ 14 முதல் 16 மணித்தியாலங்களுக்குள் முடிப்பதே வழமையான இலக்கு. 7 செ.மீ. பனி விழுந்த நாளில் உங்கள் தெருவுக்கு வண்டி வராவிட்டால் அது விதிப்படியே நடந்தது, எவ்வளவு சினம் வந்தாலும் அங்கே முறையிட இடமில்லை. ஆனால் நீங்கள் சொல்வது முழங்கால் அளவுப் பனி. ஒரு நாளுக்கு மேற்பட்ட காத்திருப்பு. உங்கள் முறைப்பாடு முற்றிலும் நியாயமானது.

இனி இரண்டாவதுக்கு வருவோம். இந்த நகரில் பனி அகற்றும் வேலையின் பெரும்பகுதி தனியார் ஒப்பந்தகாரர்களிடம் இருக்கிறது. இப்போதைய ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கானவை. அவற்றின் மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 150 கோடி டொலர். வண்டிகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொதுமக்களும் பார்க்க மாநகரசபையின் இணையத்தளத்தில் ‘பிளவ்ரிஓ’ என்ற வரைபடம் உண்டு. ஆயினும் ஒரு வண்டி ஒரு தெருவால் போயிற்று என்பதை மட்டுமே ஜிபிஎஸ் சொல்லும். பனியைத் தள்ளும் அதன் அலகு நிலத்தைத் தொட்டதா, நிறுத்தியிருந்த கார்களைச் சுற்றிப் போனதில் எவ்வளவு பனி அப்படியே மிஞ்சியது என்பதையெல்லாம் அது சொல்லாது. ஒப்பந்தகாரர்களின் வேலையைச் சரிபார்க்க ஜிபிஎஸ் தரவுகள் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்றும், காரணம் தெரியாமல் வண்டிகள் நெடுநேரம் தரித்து நின்ற பதிவுகள் உண்டு என்றும் மாநகரின் கணக்காய்வாளர் நாயகம் 2020 ஆம் ஆண்டிலேயே அறிக்கையிட்டார்.

2025 பெப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் அரை மீற்றருக்கு மேல் பனி கொட்டி, அதை அள்ளி முடிக்க வாரக்கணக்கானபோது, என்ன தவறு நடந்தது என்று முழு மீளாய்வு நடத்தும்படி மேயர் ஒலிவியா சௌ கேட்டார். ஆகவே உங்கள் அனுபவம் உங்கள் தெருவோடு நிற்பதன்று. என் வாசகர்கள் பனியையும் குளிரையும் பொறுத்துக்கொள்வார்கள். வாசலில் நிற்பவனிடம் வாசல் துப்புரவாகிவிட்டது என்று சொல்வதை ஒருவராலும் பொறுக்க முடியாது.

கேள்வி: இரண்டு மணித்தியாலம் பாடுபட்டு டிரைவ்வேயைத் துப்புரவாக்கி உள்ளே வந்து தேநீர் குடிப்பதற்குள், பனி தள்ளும் வண்டி வந்து வாசலில் இடுப்பளவு பனியைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறது. அது கல் மாதிரி இறுகிவிடுகிறது. ஏன் இப்படிச் செய்கிறார்கள்? (இரு பிள்ளைகளின் தாய்)

பதில்: வேண்டுமென்று செய்வதல்ல. வண்டியின் அலகு ஒரு பக்கமாகச் சரித்துப் பொருத்தப்பட்டிருக்கும்; உழும்போது மண் ஒரு பக்கம் புரள்வதைப் போல, பனி வீதியோரமாகப் புரண்டு நீளமான வரம்பாகச் சேரும். ஊரில் வயல் வரம்பைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். வீதி நெடுகிலும் அந்த வரம்பு இருக்கும், உங்கள் வாசல் வரும் இடத்தில் மட்டும் அலகைத் தூக்கினால் அந்தப் பனி வீதியின் நடுவிலேயே கொட்டிவிடும். ஏற்கெனவே சக்கரங்கள் மிதித்து, உப்புத் தண்ணீரில் ஊறிய பனியாதலால், அது சிறிது நேரத்தில் கல்லாக இறுகுகிறது.

ரொறன்ரோவோடு இணைக்கப்பட்ட முன்னாள் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ நகரங்களின் பகுதிகளில், இயந்திரம் போகக்கூடிய தெருக்களில், இந்த வரம்பை வெட்டி ஏறத்தாழ 3 மீற்றர் அகலத்துக்கு வழிவிடும் சேவை உண்டு. நகர மையத்தின் ஒடுங்கிய தெருக்களில் அது பெரும்பாலும் கிடையாது. சேவை உள்ள இடத்திலும் அந்த இயந்திரம் தள்ளும் வண்டிக்குப் பின்னால் உடனே வருவதில்லை. தார் தெரியும்வரை சுரண்டித் தருவதுமில்லை. ஆகவே வீட்டில் யாரேனும் அவசரமாக வெளியே போகவேண்டிய தேவை இல்லாவிட்டால், வாசலின் கடைசி இரண்டு மீற்றரை மட்டும் விட்டுவைத்து, வண்டி வந்துபோன பின்னர், பனி இறுகுமுன் அள்ளுங்கள். வீதியைப் பார்த்து நிற்கும்போது உங்கள் இடப்பக்கமாக, அதாவது வண்டி வரும் திசையில், வாசலுக்கு முன்னதாகவுள்ள வீதியோரத்தில் ஓர் இடைவெளியைத் துப்புரவாக்கி வைத்தால், அலகில் உள்ள பனியில் ஒரு பங்கு அதற்குள்ளேயே விழுந்துவிடும். அள்ளிய பனியைத் தயவுசெய்து வீதியிலோ நடைபாதையிலோ போடாதீர்கள். அது மாநகர விதிக்கு மாறானது. அடுத்த வீட்டாரின் வாசலுக்கும் அதுவே போய்ச் சேரும்.

கேள்வி: முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். காலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். வீதி துப்புரவாக இருக்கிறது, நடைபாதையோ பனிக்குள் புதைந்து கிடக்கிறது. பஸ் தரிப்பிடத்தில் பனிமேட்டின் மேலேறித்தான் பஸ்ஸில் கால் வைக்க வேண்டும். இருட்டில், வாகனங்களோடு வாகனமாக வீதியிலேயே நடக்கிறேன். காரில் போகிறவர்கள் மட்டுந்தானா இந்த நகரத்தின் மக்கள்? (பராமரிப்புப் பணியாளர் ஒருவர்)

பதில்: சகோதரி, வந்த கடிதங்களில் உங்களுடையதை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். அன்று மாலை என் வீட்டுக்கு அருகேயுள்ள பஸ் தரிப்பிடத்தில் போய் நின்று பார்த்தேன். பனிமேட்டின் குறுக்கே மனிதர்களின் காலடிகளாலேயே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டாகியிருந்தது. பகலில் இளகி, இரவில் உறைந்து, ஒவ்வொரு அடிச்சுவடும் கண்ணாடிக் கிண்ணம்போல் இறுகிக் கிடந்தது. கால் வைத்தால் குதிக்கால் ஒரு பக்கமாகச் சறுக்குகிறது. கைத்தடியோடு வந்த ஒரு முதியவர் அந்தக் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு, மேலேறாமல் வீதியில் இறங்கி நின்றே பஸ்ஸை மறித்தார்.

உங்கள் கேள்வியின் கடுமை நியாயமானது. இலையுதிர்காலத்திலிருந்து கூட்டங்களிலும் அறிவிப்புகளிலும் பேசப்படுவது பெரும்பாலும் வீதியைப் பற்றியே. நடைபாதைப் பணியை மாநகரம் ஏறத்தாழ முழு நகருக்கும் விரிவாக்கியது 2021 ஆம் ஆண்டின் பின்னர்தான். அதற்குமுன் பழைய நகரின் பல தெருக்களில் வீட்டுக்காரரே 12 மணித்தியாலத்துக்குள் தம் வாசலின் நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. இப்போது 2 செ.மீ. பனி சேர்ந்ததும் நடைபாதை வண்டி புறப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் அது சிறிய வண்டி. வீதியில் ஓடும் பெரிய வண்டி பின்னர் வந்து தள்ளும் பனி மறுபடியும் நடைபாதையிலேயே விழுகிறது. பஸ் தரிப்பிடத்தையும் சந்தியின் மூலையையும் தனித்தனியாகத் துப்புரவாக்க வேண்டும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதால்தான் வீதியும் நடைபாதையும் தத்தமக்குத் துப்புரவாகத் தெரியும்போதும் இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் நிற்கிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பனி விழுந்த மறுநாள் முதலில் பார்க்க வேண்டியது பஸ் தரிப்பிடங்களையே. காரில் போகிறவர் வீட்டில் இருந்துவிடலாம். உங்களைப் போன்றோர் போகாவிட்டால் யாரோ ஒரு முதியவர் காலை உணவும் மருந்தும் இன்றிப் படுக்கையில் கிடப்பார். உங்கள் தரிப்பிடத்தின் அடையாள இலக்கம் அதன் கம்பத்தில் எழுதப்பட்டிருக்கும். மாநகர சேவைகளுக்கான தொலைபேசி இலக்கமான 311 ஐ அழைத்து அந்த அடையாள இலக்கத்தைச் சொல்லி முறையிடுங்கள். “சந்திக்கு அருகே” என்று மட்டும் சொன்னால் அது எங்கேயும் போய்ச் சேராது. வீதியில் நடக்கவேண்டி வந்தால், வாகனங்கள் வரும் திசையைப் பார்த்தபடி, ஒளி தெறிக்கும் பட்டியொன்றை மேற்சட்டையில் கட்டிக்கொண்டு நடவுங்கள்.

கேள்வி: நடைபாதையில் இருந்த ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மூன்று வாரம் கழிந்துவிட்டது. நட்டஈடு கேட்கலாமா? (வாசகர் ஒருவர்)

பதில்: இதில் நாட்கணக்கே முதன்மையானது என்பதால் எல்லா வாசகர்களும் கவனிக்க வேண்டுகிறேன். 2006 ஆம் ஆண்டின் ரொறன்ரோ மாநகரச் சட்டத்தின்படி, வீதியிலோ நடைபாதையிலோ காயமடைந்தவர் 10 நாள்களுக்குள் மாநகர எழுத்தருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதோடு, நடைபாதையில் பனி அல்லது ஐஸ் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு, பாரதூரமான கவனயீனம் இருந்தாலொழிய மாநகரம் பொறுப்பாகாது. இது உயர்ந்த மதில். அன்றைய வானிலை, முன்பு வந்த முறைப்பாடுகள், எத்தனை நாளாக ஐஸ் கிடந்தது என்பனவெல்லாம் அங்கே எடைபோடப்படும். நீங்கள் 10 நாளைத் தவறவிட்டிருந்தாலும், நியாயமான காரணம் இருந்து, அதனால் மாநகரத்துக்குப் பாதகம் ஏற்படவில்லை என்றால் வழி முற்றாக அடைபடுவதில்லை. ஆனால் அதை நீங்களே தீர்மானிக்காமல் இன்றே ஒரு சட்டத்தரணியிடம் செல்லுங்கள்.

கடையின் வாகனத் தரிப்பிடம், அடுக்குமாடியின் படிக்கட்டு போன்ற தனியார் இடத்தில் விழுந்திருந்தால் விதி வேறு. அங்கே 2021 ஜனவரி 29 முதல், இடத்துக்குப் பொறுப்பானவருக்கோ பனி அகற்றும் ஒப்பந்தகாரருக்கோ 60 நாள்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டு இடத்திலும், விழுந்த அன்றே அந்த இடத்தையும் அணிந்திருந்த சப்பாத்தின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து வைப்பது பின்னால் பெரிதும் உதவும். ஐஸ் இரண்டு நாளில் உருகிவிடும், படம் இருக்கும்.

கேள்வி: உப்புப் போட்ட பின்னும் ஐஸ் உருகாமல் கிடக்கிறது. உப்பு தரக்குறைவானதா? (வாசகி ஒருவர்)

பதில்: உப்பில் குறை இல்லை. உப்பு முதலில் சிறிதளவு நீரில் கரைந்து உவர்நீராக வேண்டும். அந்த உவர்நீரே ஐஸைத் தின்கிறது. வீதியின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் அந்த வேலை மிக மெதுவாகும், மைனஸ் 18 இல் உப்புக்கல் ஐஸின் மேல் பரல்போல் சும்மா கிடக்கும். அப்படியான நாள்களில் வீட்டு வாசலில் மணல் தூவுங்கள். அது உருக்காது, காலுக்குப் பிடி கொடுக்கும். உப்பை மேலும் மேலும் கொட்டுவதால் பயனில்லை. அது காரின் அடியை அரித்து, இளவேனிலில் ஓடைகளுக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும். வீதி உப்பு சுற்றாடலுக்கு நஞ்சானது என்று கனேடிய அரசின் மதிப்பீடு 2001 ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது.

கேள்வி: மொன்றியலில் இருக்கும் என் தமக்கை வீட்டுத் தெருவில் பனியை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். இங்கே ஏன் முடியவில்லை? 1999 இல் இராணுவம் வந்தது என்கிறார்களே, அது உண்மையா? (வாசகர் ஒருவர்)

பதில்: மொன்றியலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் பனி விழுகிறது. அதனால் தள்ளுவதோடு நிறுத்தாமல் அள்ளிக் கொண்டுபோவதையே அந்நகரம் அடிப்படைப் பணியாக அமைத்திருக்கிறது. எந்தப் பக்கத்தில் எப்போது கார் நிறுத்தக்கூடாது என்று முன்கூட்டியே பலகை மாட்டுவார்கள். பின்னர் சைரன் ஒலிக்கும். அப்போதும் நிற்கும் காரை இழுத்துச் சென்று வேறு தெருவில் விடுவார்கள். பிறகு ஊதும் இயந்திரம் பனியை உறிஞ்சி லொறிக்குள் கொட்டும். பழைய பிரான்கோன் கல்லுடைப்புக் குழி அப்பனி கொட்டப்படும் பெரிய இடங்களுள் ஒன்று. நம் நகரில் பெரும்பாலான ஆண்டுகளில் பனி இடையிடையே உருகிவிடுவதால், தள்ளி ஒதுக்கினாலே போதும் என்ற கணக்கில் திட்டமிட்டிருக்கிறார்கள். உருகாத ஆண்டில் அந்தக் கணக்குப் பொய்த்துவிடுகிறது. 2022 ஜனவரி 17 அன்றும் 2025 பெப்ரவரியிலும் நாம் கண்டது இதுவே. தெருவில் நிற்கும் கார்களை அகற்றும் ஒழுங்கை மொன்றியலிடமிருந்து இரவல் வாங்கினாலே பாதி வேலை எளிதாகும் என்பது என் எண்ணம்.

இராணுவம் வந்தது உண்மை. 1999 ஜனவரியில் இரண்டு வாரங்களுக்குள் ஏறத்தாழ 118 செ.மீ. பனி விழுந்தது. ஆறு நகரங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த வேளையில், மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தின் உதவியைக் கேட்டார். மற்ற மாகாணத்தவர் இதை நெடுங்காலம் கேலியாகப் பேசினார்கள். வீதியில் இராணுவ உடையைக் கண்டால் ஒதுங்கப் பழகி இங்கு வந்து சேர்ந்திருந்த நம்மவருக்கோ, சிப்பாய்கள் கையில் சவளோடு நின்ற அந்தக் காட்சி கேலிக்குரியதாக இருக்கவில்லை.

கேள்வி: 401 அதிவேக வீதியில் பனி அகற்றாததற்கு யாரிடம் முறையிடுவது? (கார் ஓட்டுநர் ஒருவர்)

பதில்: 401 ஒன்ராறியோ மாகாணத்துக்குரியது, மாநகரசபைக்கு எழுதிப் பயனில்லை. அதன் நிலைமையை மாகாணத்தின் 511 சேவையில் பார்க்கலாம். மார்க்கம், ஏஜாக்ஸ் போன்ற நகரங்களில் உட்தெருக்கள் நகரத்தின் பொறுப்பு, பெரிய வீதிகள் பல யோர்க், டூரம் பிராந்தியங்களின் பொறுப்பு. மார்க்கத்துக்கும் ரொறன்ரோவுக்கும் எல்லையான ஸ்ரீல்ஸ் வீதி ரொறன்ரோவின் பொறுப்பு.

கேள்வி: குடிவரவாளர்கள் வாழும் பகுதி என்பதால்தான் எங்கள் தெருக்களைக் கடைசியாக விடுகிறார்கள் என்று என் நண்பர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். உங்கள் கருத்து என்ன? (இளைஞர் ஒருவர்)

பதில்: விதியில் அப்படி எழுதப்படவில்லை. வீதியின் வகையே ஒழுங்கைத் தீர்மானிக்கிறது. வசதியானவர்களின் உட்தெருவும் 8 செ.மீ. வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் விதி ஒன்றாக இருப்பதால் விளைவும் ஒன்றாகிவிடாது. இரண்டு கார்களும் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையும் உள்ள தெருவில் ஒரு நாள் தாமதம் வெறும் தொல்லை. இரவு வேலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் நிறைந்த தெருவில் அது ஒரு நாள் சம்பளம். உங்கள் நண்பர்களின் சினம் அந்த இடத்திலிருந்து வருகிறது, அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். வேண்டுமென்றே புறக்கணித்தார்கள் என்ற குற்றச்சாட்டை மட்டும், ஆதாரம் கையில் இல்லாமல் சபையின் முன் வைக்காதீர்கள். அதை மறுப்பது அவர்களுக்கு எளிது. வண்டி வரவில்லை என்பதை மறுப்பது கடினம்.

ஆகவே ஆதாரத்தைச் சேருங்கள். பனி எப்போது நின்றது என்பதைக் குறியுங்கள். 16 மணித்தியாலம் கடந்ததும் தெருவின் பெயர்ப்பலகையும் சேர்ந்து தெரியும்படி படமெடுங்கள். ஓர் அடிமட்டத்தைப் பனியில் குத்தி ஆழமும் தெரியச் செய்யுங்கள். ‘பிளவ்ரிஓ’ வரைபடம் அந்நேரம் உங்கள் தெருவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் படமாக வையுங்கள். பின்னர் 311 இல் முறையிட்டு, அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். கடும் புயலின்போது மாநகரம் ‘குறிப்பிடத்தக்க வானிலை நிகழ்வு’ என்று அறிவித்தால், அந்த அறிவிப்பு நீங்கும்வரை மாகாணத்தின் குறைந்தபட்சப் பராமரிப்பு நியமங்களின் கால எல்லை ஓடத் தொடங்காது. அறிவிப்பு எப்போது வந்தது, எப்போது நீங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளாவிட்டால் உங்கள் கணக்கை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஒரு தெருவில் பத்து வீட்டார் இப்படிச் செய்து, பத்து இலக்கங்களையும் ஒரே கடிதத்தில் சேர்த்து உங்கள் தொகுதியின் நகரசபை உறுப்பினருக்கு அனுப்புங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை எங்களுக்கும் அனுப்பினால், வந்த பதிலோடு சேர்த்து இப்பகுதியில் வெளியிடுவோம்.